நெற்றிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது: 16 பயணங்களின் குறிப்பு

காரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தால் கால் மணி நேரத்தில் எனக்கு வயிற்றைப் பிரட்டும். மாத்திரை போட்டால் பிரட்டல் நிற்கிறது, ஆனால் இறங்கும் வரை தூக்கம், இறங்கிய பிறகும் தூக்கம். குமட்டல் வருகிறது என்று நமக்கே தெரியும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். அதற்கு முன்னால் உடம்பு ஏதாவது துப்புக் கொடுக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வேலை.

எடுத்துக்கொண்டவை: ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்று, தோலின் மின்கடத்தலை (வியர்த்தால் கூடும்) அளக்கும் சென்சார், நாடித்துடிப்பு சென்சார், அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டர், எஸ்டி கார்டு. வினாடிக்கு 10 தடவை பதிவு. வண்டி ஓட்டியது தம்பி. நிமிடத்துக்கு ஒருமுறை அவன் "எவ்வளவு?" என்பான், குமட்டல் எவ்வளவு என்று நான் 0 முதல் 20 வரை ஒரு எண் சொல்வேன். கேஷவர்ஸ், ஹெக்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் வெளியிட்ட அளவுகோல் இது. தம்பிக்கு ஒருநாளும் குமட்டியதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அடுத்து வண்டி எப்படி அசையும் என்பது ஓட்டுகிறவனின் மூளைக்கு முன்பே தெரியும். எனக்கோ, கண் ஃபோனைப் பார்த்து "அசையவில்லை" என்கிறது, அசைவை உணரும் உள்காது "அசைகிறோம்" என்கிறது.

முதல் 4 பயணங்கள் வீண். தோல் சென்சாரின் மின்முனைகளை விரலில் மாட்டியிருந்தேன். பிரேக் அடித்தால் கிராஃப் துள்ளியது, ஹாரன் கேட்டால் துள்ளியது, தம்பி சொன்ன ஜோக்குக்கும் துள்ளியது. உள்ளங்கையும் விரலும் பயத்துக்கும் பதற்றத்துக்கும் வியர்க்கிற இடங்கள். குமட்டலைப் பிடிக்க நெற்றிதான் தோது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இசிஜிக்கு ஒட்டும் ஜெல் பட்டைகள் இரண்டை முடியோரமாக ஒட்டி, மேலே ஒரு ஹெட்பேண்ட். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்தது.

7ஆவது பயணத்தின் கிராஃப்தான் என்னை உட்கார வைத்தது. 11 நிமிடம் வரை கோடு தட்டையாகப் போகிறது. 12இல் சின்னச் சின்ன அலைகள். அப்போது நான் சொன்ன எண் 1. 13இல் கோடு ஏறத் தொடங்குகிறது, நான் இன்னும் 2 என்கிறேன், நடுவில் இரண்டு கொட்டாவி வேறு. 15இல் வாயில் எச்சில் ஊறியது. 16இல் 9 என்று சொல்லிவிட்டு ஜன்னலை இறக்கினேன். நெற்றிக்கு என்னைவிட 3 நிமிடம் முன்பே தெரிந்திருக்கிறது.

நாடித்துடிப்பால் பிரயோசனமில்லை. சில நாள் ஏறியது, சில நாள் அசையவே இல்லை. இரைப்பையையும் விட்டுவைக்கவில்லை. அதன் மின் அலை சாதாரணமாக நிமிடத்துக்கு 3 தடவை, குமட்டும்போது பலருக்கு 4 முதல் 9 வரை போகும். கையிலிருந்த இசிஜி போர்டு 0.5 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 2 வினாடிக்கு ஓர் அலை என்பதற்கு, கீழே உள்ளதை வெட்டிவிடும், இரைப்பை அலையோ 0.05 ஹெர்ட்ஸ், 20 வினாடிக்கு ஓர் அலை. அந்த வரம்பை வைக்கும் கப்பாசிட்டரை மாற்றிப் போட்டதும் வீட்டில் அசையாமல் படுத்திருக்கையில் அலை அழகாக வந்தது. வண்டி கிளம்பியதும் குலுக்கலில் அது காணாமல் போனது. சரி, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்து, நெற்றிக் கோடு ஏறினால் அலாரம் வரும்படி வைத்தேன், 9ஆவது பயணத்தில் முகத்தில் வெயில் அடித்து நெற்றி வியர்த்ததற்கே அது வந்தது. அதனால் அலாரத்தின் கணக்கில் ஆக்சிலரோமீட்டரையும் சேர்த்தேன். குழியில் விழுந்து எழும் குலுக்கல் குமட்டாது, மெதுவான ஆட்டம்தான் குமட்டும். மேலும் கீழுமான ஆட்டத்தில் 0.2 ஹெர்ட்ஸ், அதாவது 5 வினாடிக்கு ஓர் ஆட்டம் என்பதையொட்டியதே மிக மோசம் என்று 1974லேயே அளந்திருக்கிறார்கள். காரில் அந்த வேலையைச் செய்வது பிரேக்கும் வளைவும். கடைசி 5 நிமிடத்தில் 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரையிலான அசைவு கூடியிருந்து, நெற்றிக் கோடும் ஏறினால் மட்டும் மணிக்கட்டில் ஒரு குட்டி மோட்டார் அதிரும். அதிர்ந்ததும் ஃபோனைக் கீழே வைத்து, முன்கண்ணாடி வழியாகத் தொலைவில் பார்த்து, மூச்சை நிதானமாக விட வேண்டும். வளைவில் தலையை வளைவின் உட்பக்கம் சாய்க்கிறேன். ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் சாய்கிறார்கள், பயணிகள் வெளிப்பக்கமாகச் சரிகிறோம்.

இப்படி 5 பயணம் போனேன். எதிலும் எண் 5ஐத் தாண்டவில்லை. சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது தம்பிதான் கேட்டான்: "மோட்டார் அதிர்ந்தாலே இப்போ உனக்குக் குமட்டுதோ என்னவோ?"

அதனால் 16ஆவது பயணத்தில் ஒரு ஸ்விட்சை அவனிடம் கொடுத்தேன். சென்சார் சொல்லாமலே இஷ்டத்துக்கு ஒருமுறை அதிர விடலாம் என்று ஏற்பாடு. கிளம்பிய 6ஆவது நிமிடத்தில் மணிக்கட்டு அதிர்ந்தது. நான் 4 என்றேன், எச்சில் ஊறுவதாகவும் சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த நிமிடத்தில் நெற்றிக் கோடு தட்டையாகக் கிடந்தது.