கடமான் படுத்த இடம்

நீலகிரியில் எமரால்டு ஊர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் தேயிலைத் தோட்டத்தில், ஜனவரி விடியலில் பள்ளத்துப் புல்வெளி சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது, வானம் தெளிந்த இரவுகளில் உறைபனியாகிவிடுகிறது. இந்த முறை, தோட்டத்தை ஒட்டிய சோலைக்காட்டுக்குள், அந்த வெண்மை சட்டென்று நின்றுவிடும் எல்லையிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே, கடமான் படுத்தெழுந்த இடம் ஒன்றைப் பார்த்தேன்.

மூன்று முழத்துக்குச் சற்று அதிகமான நீளத்தில், முட்டை வடிவில் சருகு அழுந்தியிருந்தது. ஒரு பக்கம் மடக்கிய முன்காலின் முட்டி பதிந்த சிறு குழி. சருகோடு ஒட்டிய முரட்டுப் பழுப்பு மயிர்கள் மூன்று நான்கு. முதிர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். இது பெட்டையாக இருக்கலாம். கையை வைத்துப் பார்த்தேன், ஈரமே இல்லை. வெளியே வந்து புல்லைத் தொட்டபோது விரல் மரத்துப்போயிற்று.

பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் வானத்தை நோக்கி வெளியேறும்போது, மேலே இலைக்கூரை இருந்தால் அது தடுத்து ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. சித்தப்பா பெரணியை வெட்டி இளந்தேயிலைமேல் போர்த்துவதும் இதே கணக்கில்தான். குளிர்ந்த காற்றோ கனமானது; சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடைக்கரைச் சதுப்பில் மேய்ந்த கடமான், அசைபோட அங்கேயே படுக்காமல் நடுச்சரிவுக்கு ஏறிவந்திருக்கிறது.

குளிர் மட்டும் காரணமன்று. அந்த இடத்தில் குந்திப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் அடர்ந்த புதர், எதிரே சரிவு முழுவதும் தெரிகிறது. இரவுக் காற்று மேலிருந்து இறங்குவதால், பின்பக்கம் புலி வந்தால் வாடை முந்திவிடும். கீழிருந்து வருவதைக் கண்ணும் காதும் பார்த்துக்கொள்ளும். நீலகிரியின் தாழ்ந்த பகுதியான மசினகுடியில் புள்ளிமான்கள் இதற்கு நேர்மாறாக, இரவில் திறந்தவெளியில், சில சமயம் வீடுகளின் அருகிலேயே கூட்டமாகப் படுக்கின்றன. ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அங்கே இவ்வளவு பனி இல்லை. காவலுக்குப் பல கண்களும் உண்டு. தனித்தோ, தாயும் கன்றுமாகவோ திரியும் கடமானுக்கு மறைவுதான் காவல்.

மறுநாளும் விடியலில் போனேன். அழுந்திய சருகில் என் செருப்புத் தடம் மட்டுமே இருந்தது. இருபது அடி மேலே, ஒரு நாவல் மரத்தடியில், புதிதாக ஒரு படுக்கை.