ஏன் கைகொடுத்தாரு?

நம்ம பழைய மாணவர் மலருக்கு எழுதித் தாங்கன்னு குரூப்ல மெசேஜ் வந்ததும் தெரிஞ்சுபோச்சு, முக்கால்வாசி பேரு ஹாஸ்டல் சாம்பாரும் ஆண்டுவிழாவும்தான் எழுதப்போறாங்கன்னு. அதனால நான் செஸ் பத்தி எழுதுறேன். 95 வாக்குல படிச்சவங்களுக்கு லைப்ரரிக்குப் பின்னாடி இருந்த அந்த சாமான் ரூம் ஞாபகம் இருக்கும், உடைஞ்ச பெஞ்ச், பழைய மேப் எல்லாம் போட்டு வெச்சிருப்பாங்களே, அங்கதான் சாயங்காலம் கணக்கு சார் போர்ட விரிப்பாரு.

சார்கிட்ட ஒரு வினோதமான ரூல். தோக்கப்போறோம்னு தெரிஞ்சு நடுவுல கைகொடுத்தா ஒத்துக்கமாட்டாரு. "எப்படித் தோக்கப்போறன்னு காய நகர்த்திக் காட்டிட்டு எந்திரிடா"ம்பாரு. காட்டத் தெரியலன்னா உக்காந்து ஆடித்தான் ஆகணும், டியூஷனுக்கு லேட்டானாலும் சரி. அந்த பயத்துலயே பாதிப்பேரு கடைசி சிப்பாய் வரைக்கும் ஆடுவோம், சில நாள் அப்படி இழுத்து டிராவும் ஆகியிருக்கு.

95 செப்டம்பர்லதான் நியூயார்க் உலக வர்த்தக மையத்தோட 107வது மாடியில உலகப் பட்டத்துக்காக நம்ம ஆனந்தும் அப்போ சாம்பியனா இருந்த காஸ்பரோவும் மோதினாங்க. டிவியில ஒண்ணும் வராது, பேப்பர்ல வர்ற மூவ்ஸ்தான் நமக்கு. சார் வாசிக்க வாசிக்க ஒருத்தன் வெள்ளை, ஒருத்தன் கறுப்பு நகர்த்துவோம். முதல் 8 ஆட்டமும் டிரா, எங்களுக்கே போரடிச்சிடுச்சு. 9வது ஆட்டத்துல ஆனந்த் ஜெயிச்சாரு. ஆனா கடைசி மூவ் வெச்சுப் பார்த்தா போர்டுல இன்னும் காய் கெடக்கு, ராஜாவுக்கு செக் மேட்டும் இல்ல, அப்புறம் எதுக்கு காஸ்பரோவ் விட்டாருன்னு ஒருத்தனுக்கும் புரியல. சார் சொல்லவே இல்ல, கண்டுபிடிங்கடான்னு டீ குடிக்கப் போயிட்டாரு. நாங்க காஸ்பரோவுக்காக என்னென்னவோ ஆடிப் பார்த்தோம், எல்லாத்துலயும் தோத்தோம். செஸ் எனக்குப் பிடிபட்டது அன்னிக்குத்தான்னு சொல்லலாம்.

அடுத்த ஆட்டத்துலயே காஸ்பரோவ் வீட்லயே தயார் பண்ணிட்டு வந்த ஒரு வழியில ஒரு யானையையே தூக்கிக் குடுத்து ஜெயிச்சாரு, அதுலேர்ந்து 5 ஆட்டத்துல ஆனந்துக்கு 4 தோல்வி, கடைசியில 10.5-7.5ன்னு காஸ்பரோவே ஜெயிச்சாரு. ரூமே எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு.

சிங்கப்பூர் வந்து வேலை, குழந்தை, பிடிஓ (அரசாங்க அடுக்குமாடி வீடு) கிஸ்தின்னு செஸ் மறந்தே போச்சு. 2024ல உலக சாம்பியன்ஷிப் இங்கயே செந்தோசா தீவுக்கு வருதுன்னதும் என்னால சும்மா இருக்க முடியல. சென்னையும் டெல்லியும்கூட கேட்டிருந்தாங்க. சென்னைக்குப் போகாததே பட்டத்துக்கு மோதின நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கு நல்லதுன்னு நான் சொல்வேன், 2013ல சொந்த ஊர்ல வெச்சு ஆனந்த் கார்ல்சன்கிட்ட பட்டத்த விட்டது ஞாபகம் இருக்குல்ல.

டிசம்பர் 12, 14வது ஆட்டம், குகேஷும் சாம்பியனா இருந்த சீனாவோட டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளி. அரைநாள் லீவு போட்டு போயிட்டேன். சத்தம் போகாத கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட, ஆனா எல்லாரும் டிராதான், நாளைக்கு டைபிரேக் (சமன முறிக்கிற வேக ஆட்டம்)னு பேசிட்டிருந்தாங்க. 55வது மூவ்ல டிங் லிரென் யானைய எஃப்2 கட்டத்துல வெச்சாரு. அவரோட பிஷப் ஏ8 மூலையில மாட்டிட்டிருந்தத மறந்துட்டாரு. குகேஷ் யானைய வெட்டி, டிங் ராஜாவால திருப்பி வெட்டினதும், பிஷப்ப டி5வுல கொண்டுவந்து எதிர்ல நிறுத்தினதும் ரெண்டு பிஷப்பும் போச்சு, மிச்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டும். 58வது மூவோட டிங் கைகொடுத்துட்டாரு. குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன், 1985ல காஸ்பரோவ் 22 வயசுல வெச்ச ரெக்கார்டும் காலி. பையன் அழுதுட்டே காயெல்லாம் திரும்ப ஒழுங்கா அடுக்கி வெச்சான் பாருங்க, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

அந்த ஒரு தப்புக்காக டிங்க கேலி பண்ணவங்க மேல எனக்குக் கோவம்தான். 14 ஆட்டம், ஒண்ணொண்ணும் நாலஞ்சு மணிநேரம், ஒருத்தன் டிராவுக்கு ஒத்துக்காம நோண்டிட்டே இருந்தா யாருக்குத்தான் தடுமாறாது.

வெளிய வந்தா பக்கத்துல உக்காந்திருந்த நம்ம ஆளுங்க பையன் ஒருத்தன், பத்து வயசு இருக்கும், "அங்கிள், ஒயிட்டுக்கும் ஒரு சிப்பாய் இருக்குல்ல, ஏன் ரிசைன் பண்ணாரு?"ன்னு கேக்குறான். அவன் ஃபோன்லயே காய் வெச்சுக் காட்டினேன். வெள்ளை ராஜா இ3, கறுப்பு ராஜா இ5, நேருக்கு நேர் நிக்குது, நகர வேண்டிய முறை வெள்ளையோடது, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வழி விட்டாகணும், கறுப்பு ராஜா உள்ள பூந்துடும். கறுப்புக்கு 2 சிப்பாய், ஒண்ணு ராணி ஆகாம விடாது. அவன் நம்பல. செந்தோசா டிரெயின்ல ஹார்பர்ஃபிரன்ட் வர்ற வரைக்கும் வெள்ளைய வெச்சு அவங்கப்பாகூட ஆடிட்டே வந்தான், தோத்துட்டே வந்தான்.

கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள், அடுத்த ஒன்றுகூடல்ல கேரம் மட்டும் வைக்காதீங்க, ரெண்டு செஸ் போர்டும் போடுங்க, போர்டு நானே கொண்டு வரேன். கிளாக் மட்டும் வேணாம், இந்த வயசுல பிளிட்ஸ் மாதிரி வேக ஆட்டம் எல்லாம் நமக்கு ஒத்துவராது.