வாரம் 1 கிலோவிலிருந்து 400 கிராமுக்கு

போன வருஷம் ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது, முகூர்த்தம் தை மாசம். அன்றைக்கு ராத்திரியே காலண்டரை எடுத்து வாரங்களை எண்ணினேன். 20 வாரம் இருந்தது. எடையை வாரத்துக்கு 1 கிலோ குறைத்தால் 78 கிலோவிலிருந்து 58-க்கு வந்துவிடலாம் என்று டைரியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தேன். எனக்கு வயது 38, உயரம் 157 சென்டிமீட்டர், வீடு வேலூர் கொசப்பேட்டையில், வேலை ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் ரத்தினகிரி தாண்டும்வரை தூக்கம், அப்புறம் நாள் முழுக்க நாற்காலி, சாயங்காலம் மறுபடியும் வேன். இந்த விவரங்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா, உட்கார்ந்த வேலையா அலைகிற வேலையா என்று எதுவும் கேட்காமல் எனக்கு ஒருவர் இலக்கு வைத்துக் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்த இலக்கை வைத்தது ஊரில் இருக்கிற ஒரு எடை குறைப்பு மையம். பெயர் வேண்டாம். "வாரம் ஒன்றரை கிலோ கேரண்டி" என்றார்கள். நான் கேட்டதைவிட அதிகமாகவே தருகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். காலையில் தண்ணீரில் கலக்கிய பவுடர், மதியம் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும், ராத்திரி மறுபடியும் பவுடர், நடுவில் பசித்தால் மோர். பிறகு நானே கூட்டிப் பார்த்தபோது ஒரு நாளைக்கு 700 கலோரிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. முதல் வாரமே 2 கிலோ இறங்கியது, ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை வேனிலிருந்து கம்பெனி வாசலில் இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வேலை செய்கிற பெண் "உட்காருங்க அக்கா, அப்படியே உட்காருங்க" என்று படியிலேயே உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சம் ஜூஸ் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி ஐந்து தோசை சாப்பிட்டேன். 74.5 வரை போன எடை கார்த்திகை பிறக்கும்போது திரும்பவும் 78. போதாததற்கு அந்தச் சமயத்தில்தான் தலை வாரும்போது முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. பட்டினி கிடந்தது ஆவணியில், முடி கொட்டியது கார்த்திகையில். ரெண்டு மூணு மாசம் கழித்துத்தான் அது தெரியும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன்.

டாக்டரிடம் நான் முதலிலேயே போயிருக்க வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எல்லாம் பார்த்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது, மற்றது பரவாயில்லை. இந்தியர்களுக்கு பிஎம்ஐ (கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார். எனக்கு பிஎம்ஐ 31.6, இடுப்பு 98. நான் பயந்துபோய் "எத்தனை கிலோ சார் குறைக்கணும்?" என்றதற்கு, "முதல்ல 5 சதவீதம் குறைங்கம்மா, 4 கிலோ. அதுக்கே சர்க்கரையும் பிரஷரும் மாறும். மீதியை அப்புறம் பேசலாம்" என்றார். வேகமாக இறக்கினால் பித்தப்பையில் கல் வரும் ஆபத்தும் இருக்கிறதாம், அதையும் அவர்தான் சொன்னார். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பெனியில் மாசக் கணக்கு முடிக்கிற மாதிரி இதையும் முடிக்கலாம் என்று தோன்றியது. உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று கணக்கிட 1990-இல் வந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியார் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் அதிகமாகப் பயன்படுத்துவது அதைத்தான். எடையைப் பத்தால் பெருக்க வேண்டும், எனக்கு 780. உயரத்தை 6.25-ஆல் பெருக்க வேண்டும், 981. இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும், 190. பெண்ணாக இருந்தால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆணாக இருந்தால் 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும். எனக்கு வந்தது 1,410 கலோரி. சும்மா படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிப்பது இது. என்னைப் போல உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் இதை 1.2-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், ஆக 1,690 சொச்சம். எடை ஏறாமல் இறங்காமல் நிற்க நான் சாப்பிட வேண்டியது அவ்வளவுதான். பல இணையக் கணக்கீடுகளில் "ஓரளவு உழைப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லோருக்கும் கை அங்கேதான் போகும், எனக்கும் போனது. அதை அழுத்தினால் 2,186 காட்டியது, கிட்டத்தட்ட 500 கலோரி வித்தியாசம். வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கான கட்டம் அது.

இப்போது மறு பக்கம். உடம்பில் இருக்கிற ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. வாரம் ஒரு கிலோ இறங்க வேண்டுமென்றால் தினமும் 1,100 கலோரி துண்டு விழ வேண்டும். 1,690-இல் 1,100 போனால் மிச்சம் 590. இந்த 590-ஐ டைரியில் எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் நான் விழுந்ததற்கு என் மனசு திடமில்லாததுதான் காரணம் என்று மூன்று மாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை, கணக்கே தப்பு. எல்லோரும் சொல்கிற "தினமும் 500 குறை, வாரம் அரைக் கிலோ" என்பதுகூட எனக்குப் பொருந்தவில்லை, 1,190 வந்தது. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200-க்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்கிற எல்லை. ஆறடி உயரமும் 100 கிலோவும் இருக்கிற ஆணுக்கு 500 என்பது ஒன்றும் பெரிதில்லை, ஐந்தே கால் அடிக்கும் குறைவான, நாற்காலியில் உட்காருகிற எனக்கு அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாப்பாடு.

அதனால் தலைகீழாகப் போட்டேன். எத்தனை கிலோ வேண்டும் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, மாசக்கணக்கில் எந்தச் சாப்பாட்டில் என்னால் நிற்க முடியும் என்று பார்த்தேன். 1,360 என்று முடிவு செய்தேன், தினமும் 330 குறைவு. அதோடு அரை மணி நேரம் வேக நடை, அதில் என் எடைக்கு 100 கலோரி போகும். இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 3,000, அதாவது 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கல்யாணத்துக்குள் மூன்றரை கிலோதான். மனசு ஒப்பவில்லை, அது உண்மை. ஆனாலும் முதல் பக்கத்தில் இருந்த 58-ஐ அடித்துவிட்டு 74.5 என்று எழுதினேன்.

எதையும் குறைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே எழுதினேன், இதை யாரும் தவிர்க்க வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். இரண்டாவது நாளே ஒரு தப்பு. 250 கிராம் சோற்றை எடை போட்டு, பட்டியலில் அரிசிக்கு நேரே இருந்த 100 கிராமுக்கு 350 கலோரி என்பதால் பெருக்கிவிட்டேன், ஒரு வேளைச் சோறே 875 என்று வந்தது. அது வேகாத அரிசியின் எடைக்கு உரிய கணக்கு. வடித்த சோறு 100 கிராம் 130 கலோரிதான், ஆக என் தட்டில் இருந்தது 325. சோற்றைப் பார்த்துப் பயந்ததெல்லாம் அந்த நிமிஷத்தோடு போனது.

வார முடிவில் சராசரி 1,850 வந்தது. ஆச்சரியம் சோற்றில் இல்லை, டீயிலும் எண்ணெயிலும் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு டீ, ஆவின் பச்சைப் பாக்கெட் பால் 100 மில்லி, சர்க்கரை இரண்டு ஸ்பூன், ஒரு கிளாஸ் 110 கலோரி, நாலு கிளாஸ் 440. அதை இரண்டாக்கி, கொழுப்பு குறைந்த நீலப் பாக்கெட் பாலுக்கு மாறி, சர்க்கரையை ஒரு ஸ்பூன் ஆக்கியதில் 160-க்கு வந்தது. கேன்டீனில் சர்க்கரையைக் கொதியிலேயே கொட்டிவிடுவார்கள், அதனால் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு போகிறேன்.

எண்ணெய்க் கணக்கு இதைவிடப் பெரிது. மாசம் 5 லிட்டர் கேன் ஒன்று, வீட்டில் நாலு பேர். வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 மில்லி, 340 கலோரி. சமையல் அத்தை கையில் இருந்தது, அவர்களிடம் "குறைங்க அத்தை" என்று வெறுமனே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கேனில் 3 லிட்டர் மட்டும் விட்டு, மீதியைத் தனியாக ஊற்றி மேலே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எண்ணெய் இல்லாம இலவம்பாடி கத்திரிக்காய் எப்படிம்மா வதங்கும்?" என்று கேட்டார்கள். அந்த முள் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதைப் பாழாக்க அவர்களுக்கு எப்படி மனசு வரும். மறுநாள் கத்திரிக்காயை நாலாகக் கீறி, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் உப்போடு பிரட்டி, மண்சட்டியில் மூடி போட்டுச் சின்னத் தீயில் வைத்தார்கள். மூடியிலிருந்து சொட்டிய தண்ணீரிலேயே வெந்தது, சட்டியின் அடியில் தோல் மட்டும் லேசாகக் கருகி வாசனை வந்தது. இப்போது மூன்று லிட்டரில் மாசம் ஓடுகிறது, ஆளுக்கு 135 கலோரி மிச்சம். டீயும் எண்ணெயும் சேர்ந்தே 415 குறைந்துவிட்டது, சோற்றில் நான் கை வைத்தது ஒரு கரண்டிதான். கேவுரு (கேழ்வரகு) களிக்கு மாறினால் கலோரி குறையும் என்று பலர் சொல்வார்கள், மாவு எடைக்கு எடை பார்த்தால் அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் கீரைக் குழம்போடு ஒரு உருண்டை சாப்பிட்டால் மூன்று மணிவரை பசிக்காது, எனக்கு அதுதான் லாபம். தினமும் முட்டையோ சுண்டலோ ஏதாவது ஒன்று கட்டாயம், புரதம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை என் சீப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

எடை பார்க்கும் விஷயத்தில்தான் நிறைய பேர் மனசு உடைந்து போகிறார்கள். காலையில் எழுந்ததும் தினமும் பார்க்கிறேன், ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறேன். ஒரு ஞாயிறு ஆம்பூர் போயிருந்தோம், பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் சாப்பிட்டேன், திங்கள் காலை 1.2 கிலோ கூடியிருந்தது. அது கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 9,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், ஒரு பிரியாணியில் அது எங்கே இருக்கிறது? உப்புக்கும் சோற்றுக்கும் உடம்பு பிடித்து வைத்த தண்ணீர், வியாழக்கிழமை போய்விட்டது. மாதவிலக்குக்கு முந்தின வாரமும் இப்படித்தான் ஏறும். முதல் வாரம் வேகமாக இறங்குவதும் அதே தண்ணீர்தான், உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகும். அந்த மையத்தின் கேரண்டி எதை நம்பி என்று அப்போது புரிந்தது. பிரியாணியை நான் விடவில்லை. வாரத்துக்கு மொத்தம் 9,520 என்று வைத்து, அந்த ஞாயிறுக்கு 1,900 ஒதுக்கினால் மற்ற ஆறு நாளும் 1,270-இல் ஓட்டிவிடலாம்.

நடைக்குக் கோட்டைப் பக்கம் போகிறேன், காலை ஐந்தரைக்கு. வெயில் காலத்தில் அந்த நேரத்தை விட்டால் வேலூரில் நடக்க முடியாது. கைக்கடிகாரம் அரை மணிக்கு 250 கலோரி என்று காட்டும், அதை நம்பி அந்த 250-ஐத் திரும்பச் சாப்பிட வேண்டாம்.

கல்யாணத்தன்று எடை 74.6. ஆற்காடு மக்கன் பேடா இரண்டு சாப்பிட்டேன். மாசி முழுக்க இறங்கியது, பங்குனியில் அப்படியே நின்றது, மூன்று வாரம் சராசரி 72-ஐ விட்டு நகரவில்லை. முதலில் சூத்திரத்தைத் திரும்பப் போட்டேன், 72 கிலோவுக்கு 1,690 என்பது 1,620 ஆகியிருந்தது, ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் 12 கலோரி தேவையும் இறங்குகிறது. அது மட்டும் மூன்று வாரத்தை நிறுத்தாதே என்று யோசித்தபோது அடுப்படியில் இருந்த மூட்டை கண்ணில் பட்டது. அணைக்கட்டுப் பக்கம் அம்மா வீட்டிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்திருந்தது. போகும்போது ஒரு பிடி, வரும்போது ஒரு பிடி. ஒரு பிடியைத் தராசில் போட்டேன், 30 கிராம், 170 கலோரி. மல்லாட்டை நல்ல சாப்பாடுதான், எழுதாமல் சாப்பிட்டதுதான் பிரச்சினை. இப்போது ஒரு பிடி, அதுவும் கணக்கில்.

30 வாரம் ஆகிறது. இன்றைய சராசரி 69.8, இடுப்பு 90, சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. வாரத்துக்கு 400 என்று திட்டம் போட்டேன், கிடைத்தது சராசரியாக 270 கிராம். சூத்திரம் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், நடுவில் பொங்கலும் கல்யாணமும் காய்ச்சலும் வந்தது. நாலு வாரத்துக்கு ஒரு தடவை திட்டத்தையும் நிஜத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, எதை மாற்றுவது என்று முடிவு செய்கிறேன். அடுத்த நாலு வாரத்துக்கு 1,340 கலோரி, 300 கிராம் என்று போட்டிருக்கிறேன்.

ஆடி வரப்போகிறது, தெருவில் கூழ் வார்ப்பார்கள். நேற்று கேவுரு மாவு அரைத்து வந்ததும் அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்கள், "தராசை எங்கம்மா வெச்சே, ஒரு சொம்புக்கு எவ்வளவு மாவு போகுதுன்னு பார்க்கணும்."