ரப்பர் பால் உறையும் ஊரில் வேதியியல் செய்முறை வகுப்பு

குமரி மாவட்டத்தில் ரப்பர் விளையும் குலசேகரம், அருமனை வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அவர்களில் பலர் பள்ளி ஆய்வகத்துக்கு வரும் முன்பே அமிலத்தோடு பழகியவர்கள் என்பதைத்தான். ரப்பர் பாலைத் தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைத்து, ஷீட் அடிப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறார்கள். கடையில் கிடைக்கும் 85 விழுக்காட்டு அமிலம் தோலைப் புண்ணாக்கக்கூடியது. ஆனாலும் அன்றாடம் புழங்கும் பொருளின் மீது அச்சம் தங்குவதில்லை. "வீட்டுல இதத்தானே டீச்சர் ஊத்துறோம்" என்று சொல்லும் மாணவனிடம் விதிமுறைப் பலகையைக் காட்டிப் பயனில்லை.

ஆகவே அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்ற ஆய்வக விதியை நான் காரணத்திலிருந்து தொடங்குகிறேன். அடர் கந்தக அமிலம் அதே அளவு தண்ணீரைவிட ஏறத்தாழ 1.84 மடங்கு கனமானது. அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால், அது மேலேயே நின்று, கலக்கும் இடத்தில் எழும் வெப்பத்தால் சட்டெனக் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் அந்த வெப்பம் தண்ணீர் முழுவதும் பரவிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து நான் அவ்வாறு சில சொட்டுகள் விட்டுக் கலக்கிய பின், பீக்கரின் வெளிப்புறத்தை ஒவ்வொருவரும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அந்த இளஞ்சூடு விரலில் பட்ட பிறகு, எதில் எதை ஊற்ற வேண்டும் என்பதை எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதில்லை.

திரவத்தை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கத்தில் மட்டும் நான் எந்தச் சமரசமும் செய்வதில்லை. வாய்க்குப் பதிலாக உறிஞ்ச உதவும் ரப்பர் பல்பு இல்லையென்றால் அன்று தரம்பார்த்தலும் (கரைசலின் செறிவை அளவிடும் சோதனையும்) இல்லை. எரியும் சாராய விளக்கில் சாராயம் ஊற்றக்கூடாது என்பதும் அப்படியே. நம் மாவட்டத்தில் இரு பருவமழைகளும் பெய்வதால் புட்டிகளின் பெயர்ச்சீட்டுகள் ஈரத்தில் உரிந்துவிடும். அவற்றின் மேல் செல்லோ டேப் ஒட்டுவதை மாணவர்களிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் போக வேண்டும் என்பது என் விருப்பம். குளிர்பானப் புட்டியில் அமிலத்தை ஊற்றி வைக்கும் வழக்கம் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியபோது, கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டார். கசக்காமல், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் என்றேன். குழாய் இல்லாத தோட்டத்தில், அமிலப் புட்டியைத் திறக்கும் முன்பே நல்ல தண்ணீர் நிறைந்த வாளியும் கோப்பையும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.