ரெண்டாங்கட்டில் எழுதியது: அடி இறக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்

தேன்குழல் மாவு அண்டாவை இறக்கி வைத்ததும் மறுபடி அதே உணர்வு. அடியில் ஒரு கோழிமுட்டை வந்து நிற்கிறது. காலையில் இருக்காது. நாலு மணிக்கு மேல் வரும், படுத்தால் போய்விடும். பங்குனியில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு, கட்டிதான் என்று நடுங்கிப்போனேன். அதிரசத்துக்கு ரேட் பேசுகிற வாய் இதைச் சொல்ல மட்டும் திறக்கவில்லை.

இப்போது ஒன்றுக்கும் பாதிதான் போகிறது. எழுந்து நாலடி நடந்து, திரும்ப உட்கார்ந்து, விரலால் உள்ளே தள்ளினால்தான் மிச்சம் வருகிறது. 53 வயதில் இது என்ன பாடு.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதுரைக்குப் போய்வந்தேன். காரைக்குடியில் டாக்டர் இல்லாமல் இல்லை. காத்திருக்கும் இடத்தில் எப்படியும் நம்மிடம் சீடை வாங்குகிற ஆச்சி ஒருவர் உட்கார்ந்திருப்பார், அதான்.

டாக்டரம்மா முக்கச் சொன்னார், இருமச் சொன்னார். “கர்ப்பப்பை இறங்கிருச்சா?” என்றேன். “அது அதோட இடத்துலதாம்மா இருக்கு. இறங்கினது மூத்திரப்பை.” பிள்ளை வரும் வழியின் முன்சுவர்தான் அந்தப் பையைத் தாங்குகிறதாம். சுவர் தளர்ந்தால் பை அதன்மேல் சரிந்து வெளியே பிதுங்கும். நைந்த தூளியில் பிள்ளை தரை தட்டுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். வாசலைத் தாண்டி வந்துவிட்டதால் எனக்கு மூன்றாம் நிலை. ஒன்றுக்குப் போய்வந்த பிறகு ஸ்கேன் பார்த்தார்கள், 180 மில்லி உள்ளேயே நிற்கிறது. அடிக்கடி வந்த நீர்க்கடுப்புக்கு அந்தத் தேங்கலும் காரணமாம்.

காரணம் கேட்டேன். நாலு சுகப்பிரசவம், தீட்டு நின்றபின் ஹார்மோன் குறைந்தது, மலச்சிக்கல், விறகடுப்புக் காலத்து இருமல், தூக்கின பாரம். ஒன்றுவிடாமல் எல்லாம் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் தண்ணிக் குடம் தூக்கினேன். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆபரேஷன் என்றால் முன்சுவரை இழுத்துத் தைப்பார்கள். சில பேருக்குத் திரும்ப இறங்கலாமாம். அண்ணன் மகள் போனில் சொன்ன, சுவருக்குத் தாங்கலாக உள்ளே வைத்துத் தைக்கிற வலையைப் பற்றியும் கேட்டேன். பிறப்புறுப்பு வழியாக வலை வைப்பதில் தொந்தரவுகள் வந்து, அமெரிக்காவில் 2019-ல் அதன் விற்பனையையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றார். தீபாவளி ஆர்டர் கழுத்து வரை நிற்கிறது. முதலில் பயிற்சியும், சரிந்ததைத் தாங்க உள்ளே வைக்கிற வளையமும் போதும் என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 13, புதன்

மத்தியானம் ஆத்தங்குடிக் கல் தரையில் மல்லாந்து படுத்துப் பயிற்சி. காற்றை அடக்குவதுபோல அடித்தசையை உள்ளே இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. நான் முதலில் வயிற்றையும் பிட்டத்தையும்தான் இறுக்கிக்கொண்டு கிடந்தேன். சரியான தசை பிடிபட ரெண்டு நாள் ஆயிற்று. இறங்கினதை இது மேலே ஏற்றிவிடாது, பாரம் குறைந்தாற்போல் இருக்கும், அதற்கே மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி, 400 கொழுக்கட்டை. திங்களன்றுதான் சிலிக்கோன் வளையம் வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பதே தெரியவில்லை. இன்று காலை கக்கூஸில் முக்கினேன், வளையம் வெளியே வந்து விழுந்தது! கழுவித் துணியில் சுற்றி, கொழுக்கட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பிள்ளையார்பட்டிக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது, நான் பூரண வாசனையில் அழுதுகொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அளவு கூட்டி அடுத்த வளையம் வைத்தார்கள். நிற்கிறது. ஒன்றுக்கு ஒரே தடவையில் போய்விடுகிறது, அந்த நிம்மதி பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வரமிளகாய் வறுத்த நெடிக்கு இருமினேன், சேலை நனைந்தது. முன்பு இப்படி இல்லையே? போனில் கேட்டேன். பை சரிந்திருந்தபோது குழாய் மடிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம். இப்போது நேரானதால் ஒழுக்கு தெரிகிறது. இருமல் வரும் முன்பே தசையை இறுக்கிக்கொள்ளச் சொன்னார். வாரத்துக்கு ரெண்டு நாள் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் உண்டு. ரத்தமோ வாடையோ தெரிந்தால் உடனே வர வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கிரீமைப் பார்த்துவிட்டு அயித்தை என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் துணியப் பந்தாச் சுருட்டி வச்சுக்கிருவேன்டி” என்றார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். “ஒம் புருசனுக்கு அடுத்தவ பெறந்ததுல இருந்து.” 26 வருஷம் ஒரே அடுப்படியில் நிற்கிறோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாவு மில்லில் அஞ்சு கிலோப் பையாகக் கட்டச் சொல்லிவிட்டேன். “எட்டு நடை நடக்கணுமாக்கும்” என்று இவுக முனகினாக. நடங்க என்றேன்.

அயித்தை வளையத்தைப் பார்க்கணும் என்றார்கள். முதலில் விழுந்த சின்னது அலமாரியில் இருந்தது. விரலில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “இதுக்கா மதுரைக்குப் போன?” தீபாவளி கழியட்டும், போகலாம் என்றார்கள். நானும் இப்படித்தானே பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் தள்ளினேன். அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. புதன்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று, காரைக்குடியிலேயே.