மனநல வார்டில் சேர்க்கும்போது: கையெழுத்து யாருடையது?

நாலு நாளாகத் தூக்கம் இல்லை. சாப்பாட்டில் யாரோ எதையோ கலந்துவிட்டதாகச் சொல்லித் தட்டைத் தள்ளுகிறார். நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு கிளம்பப் பார்க்கிறார். நிலைமை இவ்வளவு தூரம் முற்றிய பிறகுதான் பெரும்பாலான குடும்பங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிக்கின்றன. அப்போது எதைக் கையில் எடுப்பது, யாரிடம் என்ன சொல்வது என்று ஒன்றும் ஓடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் மனநல வார்டுகளில் துணைக்குத் தங்கித் திரும்பியவர்கள், அடுத்து போகிறவர்களுக்காக எழுதுவது இது.

கிளம்பும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் உண்டா? தலையில் அடி பட்டதா? நேற்றுவரை தெளிவாக இருந்த வயதானவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல் பேசுகிறாரா? தினமும் குடித்தவர் குடியை நிறுத்தி ரெண்டு மூணு நாளில் கை நடுங்கி, இல்லாததைப் பார்க்கிறாரா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் பொது கேஷுவால்டி. குடியை நிறுத்தியதால் வரும் வலிப்பும் குழப்பமும் உயிரை எடுக்கக்கூடியவை. அதை மனநோய் என்று நினைத்துக் காத்திருந்து நேரத்தை இழந்துவிடக் கூடாது.

பையில் வைக்க வேண்டியவை: பழைய ஓபி சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள் (காலி அட்டைகளும்கூட), ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. இவற்றைவிடப் பயன்படுவது ஒரே ஒரு பக்கத் தாள். எந்தத் தேதியில் தொடங்கியது, கடைசியாக முழுசாகத் தூங்கியது எப்போது, எந்த மாத்திரை எந்த நாளோடு நின்றது, முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றதுண்டா. இவ்வளவு போதும். டியூட்டி டாக்டர் மாறும்போதெல்லாம் அந்தத் தாளை நீட்டலாம்.

மாத்திரை நின்ற தேதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், குளோசபின் (மனச்சிதைவு நோய்க்கான மருந்து) சாப்பிடுகிறவருக்கு 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ‘ஒழுங்காத்தான் சாப்பிட்டார்’ என்று வீட்டு மானத்துக்காகச் சொல்லும் ஒரு பொய் அங்கே பெரிய ஆபத்து.

இன்னொரு பொய்யும் வேண்டாம். ‘கோயிலுக்குப் போகலாம் வா’ என்று கூட்டிவந்து வார்டு வாசலில் இறக்குவது நம் ஊரில் சகஜம். அன்றைக்குக் காரியம் ஆகிவிடும். ஆனால் அடுத்த தடவை அவர் காரில் ஏறமாட்டார், கொடுக்கும் மாத்திரையையும் நம்பமாட்டார். ‘நோய்’ என்ற சொல்லை ஏற்காதவர்கூட, ‘தூங்கவே முடியலையேப்பா, மனநல டாக்டரைப் பார்த்து அதைச் சரிபண்ணலாம்’ என்றால் பல நேரம் வருகிறார். வரவே முடியாத நிலையில், ஆபத்து உடனடியானது என்றால், 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி (2018 மே 29 முதல் அமலில் உள்ளது) பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை கொடுத்து மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். அந்த அவசர சிகிச்சைக்கு உச்சவரம்பு 72 மணி நேரம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் 108 வண்டியும் இதற்கு உதவும். என்ன செய்வதென்றே தெரியாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனி கையெழுத்து. முழுச் சேர்க்கையும் இதில்தான் நிற்கிறது.

சட்டத்தின் 85ஆம் பிரிவு, முடிந்தவரை எல்லாச் சேர்க்கையும் நோயாளி தானே கேட்டுச் சேரும் சேர்க்கையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில், ராத்திரி பதினோரு மணிக்குக் கூட்டமான கேஷுவால்டியில், படிவம் பக்கத்தில் நிற்கும் அண்ணன் பக்கமோ புருஷன் பக்கமோதான் திரும்பும். அங்கே அவசரப்படாதீர்கள். ‘டாக்டர், அவங்ககிட்டயே ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா?’ என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் போகலாம். தண்ணீர் கொடுத்து, ஓரமாக உட்காரவைத்து, எந்த வார்டு, என்ன மருந்து, உத்தேசமாக எத்தனை நாள் என்று டாக்டரே விளக்கினால் தானாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். சொன்னது புரிந்து, ஒத்துக்கொண்டாலும் மறுத்தாலும் என்ன ஆகும் என்று தெரிந்து, தன் முடிவைச் சொல்ல முடிந்தால் போதும், அவருக்குச் சம்மதம் சொல்லும் திறன் இருக்கிறது. குரல்கள் கேட்கின்றன என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடும் தகுதி போய்விடாது.

அப்படிச் சேர்ந்தவர் கேட்டால் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். ஆபத்து இருக்கிறதென்று டாக்டர் கருதினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். குடும்பங்கள் பயப்படுவது இதற்குத்தான்: ‘நாளைக்கே கிளம்பிட்டா?’ எங்கள் அனுபவத்தில், தான் போட்ட கையெழுத்தில் உள்ளே வந்தவர் அவ்வளவு சுலபமாகக் கிளம்புவதில்லை. கதவு திறக்கும் என்று தெரிந்த இடத்தில் மனிதர் இருந்துவிடுகிறார்.

அவரால் முடியவே இல்லை என்றால் 89ஆம் பிரிவு, ஆதரவுச் சேர்க்கை. விண்ணப்பம் போடுவது நியமனப் பிரதிநிதி. நோயாளி முன்பே வெள்ளைத் தாளில் யாரையாவது எழுதி வைத்திருந்தால் அவர், இல்லையென்றால் உறவினர். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, அன்றோ முந்தைய ஏழு நாட்களிலோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்று இருவரும் எழுத வேண்டும். இதன் ஆயுள் அதிகபட்சம் 30 நாள். பெண்கள், சிறார் என்றால் 3 நாளிலும், மற்றவர் என்றால் 7 நாளிலும் மறுஆய்வு வாரியத்துக்கு (இந்தச் சட்டப்படி சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநல வாரியம்) தகவல் போக வேண்டும். நோயாளியே வாரியத்துக்கு எழுதி ஆட்சேபிக்கலாம். வாரியம் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை சம்மதம் சொல்லும் திறன் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் தவறுவது இந்த ஏழாம் நாள்தான். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, கேட்க ஆளில்லாமல் விட்டுப்போகிறது. காலண்டரில் குறித்து வைத்து ரவுண்ட்ஸில் கேளுங்கள்.

வார்டில் முதல் மூன்று நாள் பெரும்பாலும் தூக்கம்தான். துப்பட்டா, பைஜாமா நாடா, பிளேடு, சார்ஜர் ஒயர் எல்லாம் வாங்கி வைத்துவிடுவார்கள். பாதுகாப்புக்காகத்தான், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொந்த உடை உடுத்தும் உரிமை அவருக்கு உண்டு.

அமைதிப்படுத்தும் ஊசி போட்ட முதல் ஓரிரு நாட்களில் கவனிக்க வேண்டிய ஒன்று: கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும், கண் மேலே சொருகும், நாக்கு தடித்துப் பேச்சு குழறும். பார்க்கிறவர்களுக்குச் சாமி வந்தது போலவோ, நோய் முற்றிவிட்டது போலவோ இருக்கும். இது மருந்தின் பக்கவிளைவு. உடனே சிஸ்டரிடம் சொன்னால் மாற்று ஊசியில் கொஞ்ச நேரத்திலேயே விட்டுவிடும். பயந்து யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால், ‘இந்த மருந்து என்னைக் கொல்லப் பார்த்தது’ என்பதுதான் அவர் நினைவில் தங்கும். காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கட்டிவைப்பதைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று சங்கிலிக்கு முழுத் தடை, தனியறையில் பூட்டுவதற்கும் தடை. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதித்து, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குத் தெரிவித்தாக வேண்டும். ஏன், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டிய விஷயம் அது.

தூக்கம் திரும்பிய பிறகுதான் உண்மையான வேலை. ரவுண்ட்ஸில் துணைக்கு இருப்பவர் முந்திக்கொண்டு பேசாமல் அவரைப் பேசவிடுங்கள். எது முதலில் கெட்டது, தூக்கமா, பேச்சா, செலவா? வெளியே போனதும் முதலில் என்ன செய்ய ஆசை? இதைச் சோசியல் ஒர்க்கருடன் உட்கார்ந்து அவர் வாயாலேயே சொல்லி எழுதவைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று காலை அவசரமாகச் செய்ய முடிகிற காரியமல்ல.

வீட்டுக்குக் கிளம்பும்போது சீட்டில் 1-0-2 என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இரண்டு. அரசு மருந்தகத்தில் மாத்திரையின் நிறம் அவ்வப்போது மாறும். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்துச் சரிபார்க்கவும். லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மருந்து) என்றால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது, ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். வீடு திரும்பிய முதல் வாரங்கள்தான் தற்கொலை ஆபத்து அதிகமுள்ள காலம். பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே கூடாது, ஒரு வாரத்துக்கான மாத்திரையை மட்டும் கையில் கொடுங்கள், ஏழு நாளுக்குள் மறு பரிசோதனைக்குத் தேதி வாங்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள்.

ரெண்டு மூணு மாதம் கழித்து, தெளிவாக இருக்கும் ஒரு நாளில், முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதலாம். மறுபடி முடியாமல் போனால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் பிரதிநிதி என்று அவரே எழுதி, சாட்சிகளோடு கையெழுத்திட்டு மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்வது. ஒரு நகலை அந்தப் பழைய ஒரு பக்கத் தாளோடு சேர்த்து அதே பையில் வைத்துவிடுங்கள்.