31,000 ஓடிய வண்டியும் 1,38,000 ஓடிய வண்டியும்

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கார்களின் படங்களை என்னிடம் காட்டினார். இரண்டும் ஒரே மாடல், 2017, பெட்ரோல். ஒன்று 42,000 கிலோமீட்டர் ஓடியது, சென்னைப் பதிவு எண். மற்றொன்று 86,000 ஓடியது, பெரம்பலூர் வண்டி. குறைவாக ஓடியதற்கு 55,000 ரூபாய் கூடுதல் விலை. "அக்கா, கொஞ்சம் பணம் போனாலும் பரவாயில்லை, 42,000 ஓடியதையே எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்வியோடு 2019-இல் நானும் நின்றிருக்கிறேன். (நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்றுதான் பொருள். நான் சொல்வது அதை அல்ல. வண்டி இதுவரை மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மீட்டர் காட்டுகிறதே, அந்தக் கணக்கை.)

அந்த ஆண்டு எனக்குத் துறையூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. வீடு ஸ்ரீரங்கத்தில். போக வர ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர். மாலையில் பஸ்ஸை விட்டுவிட்டால் வீடு சேர இரவாகிவிடும். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. கார் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தம் காரை விற்பதாகச் சொன்னார்கள். 2010 மாடல், சிறிய பெட்ரோல் வண்டி. ஒன்பது ஆண்டுகளில் 31,000 கிலோமீட்டர்தான். எப்போதும் துணி உறை போர்த்தி நிழலில் நின்றது. பின் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. கோவிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே எடுத்தாராம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. 2,05,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மண்ணச்சநல்லூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என்ஜின் நின்றது. சத்தமில்லை, புகையில்லை, பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றதுபோல் நின்றது. வழியில் போன ஒரு டாடா ஏஸ் ஓட்டுநர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்துவந்து உறையூரில் மெக்கானிக் பாயின் பட்டறையில் விட்டுப்போனார்.

பாய் என்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டைமிங் பெல்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். பிஸ்டனின் ஓட்டத்துக்குத் தாளம் தப்பாமல் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. பற்கள் வரிசையாக உதிர்ந்திருந்தன. முதுகுப் பக்கம் வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பைப்போலக் குறுக்கே வெடித்திருந்தது. "டீச்சரம்மா, இது கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த பெல்ட். ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வருஷம்தான் தெரியும்" என்றார். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டிய பொருள் அது. மீட்டர் 31,000-இலேயே இருந்ததால் பெரியவருக்கு அதை மாற்றத் தோன்றவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெல்ட் அறுந்ததும் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து அவை வளைந்துவிட்டன. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வேலை பார்க்க 34,000 ரூபாய் ஆனது.

அன்று பாய் காட்டிய இன்னொன்றை நான் மறக்கவே மாட்டேன். என்ஜின் ஆயில் ஊற்றும் இடத்தின் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்தார். அடியில் கறுத்துத் தடித்த பசைபோல ஒரு படலம். விரலால் வழித்தால் பிசுபிசுவென்று வந்தது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கோவில் ஒன்றரைக் கிலோமீட்டர். சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவார் பெரியவர். ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்துகொண்டே இருந்திருக்கிறது. சைலன்சரும் உள்பக்கமிருந்து துருப்பிடித்திருந்தது. நான்கு டயர்களும் பள்ளம் தேயாமல் பார்வைக்குப் புதிதாகத்தான் இருந்தன. பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் படிக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1410 என்றிருந்தது. 2010-ஆம் ஆண்டின் 14-வது வாரம். அந்த டயர்களோடுதான் நான்கு மாதம் நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறேன் என்று நினைக்கும்போது இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

லால்குடியில் இருக்கும் என் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னான். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் யாரும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் கேட்பார்கள். டிராக்டரில் இருப்பது மணிக்கணக்கு மீட்டர். சேற்றில் ஒரு நாள் முழுக்க உழுதாலும் அது கடக்கும் தூரம் கொஞ்சம்தான், ஆனால் என்ஜின் பட்ட பாடு பெரிது. காரும் அப்படித்தானே என்றான். எனக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது.

கணக்கு ஆசிரியையிடம் அந்தக் கணக்கையே போடச் சொன்னேன். சென்னை நெரிசலில் சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 42,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்ஜின் எத்தனை மணி நேரம் உழைத்திருக்கும்? 2,800 மணி. நெடுஞ்சாலையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 1,38,000 கிலோமீட்டர்? 2,760 மணி. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிளட்ச்சை மிதித்து மிதித்து, பிரேக்கை அமுக்கி அமுக்கிப் போன ஒவ்வொரு கிலோமீட்டரும் இதற்கு மேல் கணக்கு.

1,38,000 என்ற எண்ணை நான் எங்கிருந்தோ எடுக்கவில்லை. இப்போது நான் ஓட்டும் டிசையர் டீசலை 2021 நவம்பரில் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது வாங்கினேன். 2014 மாடல், வாங்கும்போது மீட்டரில் இருந்த எண் அது. விற்றவர் தஞ்சாவூரில் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி. திருச்சி, கரூர், நாகப்பட்டினம் என்று ஏழு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். உறவினர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அவர் ஒரு நீல நிறக் கோப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஒரு சர்வீஸ் பில், தேதியும் மீட்டர் எண்ணும் அச்சிட்டபடி. 94,000-இல் கிளட்ச் மாற்றியது, பிரேக் ஆயில் மாற்றியது, பாட்டரி வாங்கியது, எல்லாம் வரிசையாக. அதில் ஒரு தாளும் விடுபடவில்லை. பாய் என்ஜினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிக் காதை வைத்துக் கேட்டார். அந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினில் பெல்ட் கிடையாது, டைமிங் செயின். தளர்ந்திருந்தால் கிளப்பியவுடன் கலகலக்கும். அப்படி எதுவும் கேட்கவில்லை.

இன்று அது 2,04,000-ஐத் தாண்டிவிட்டது. வழியில் ஒருநாளும் என்னை நிறுத்தியதில்லை.

அதற்காக ஓடிய தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கிய முதல் ஆண்டிலேயே முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், ஒரு வீல் பேரிங் மாற்றினேன். பிறகு என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. இவையெல்லாம் தூரத்தால் தேய்பவை. எவ்வளவு பொறுப்பாக ஓட்டினாலும் தேயும். இந்தச் செலவு வரும் என்று தெரிந்தே விலையைக் குறைத்துப் பேசி 40,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். நாளை நான் விற்கப்போனால் மீட்டரைப் பார்த்துப் பாதி விலைதான் கேட்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் தெரிந்து வருகிற செலவும் நடுச்சாலையில் வருகிற செலவும் ஒன்றல்ல.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பாயை அழைத்துக்கொண்டு அந்த 42,000 வண்டியைப் பார்க்கப் போனோம். புத்தம்புது பாலிஷ், இருக்கைகளுக்குப் புது உறை. பாய் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். 2023 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. தரைவிரிப்பைத் துவைத்துவிடலாம், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் துடைப்பதில்லை. மண் கோடு எதுவும் இல்லை. நல்லது. அடுத்து பிரேக் பெடல். ரப்பரின் வரிகள் நடுவில் முழுக்க மழுங்கி வழவழப்பாக இருந்தன. ஸ்டியரிங்கின் மேல்பாதி பளபளத்தது. பாய் ஒன்றும் பேசாமல் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணில் டார்ச் அடித்தார். ஆயில் மாற்றிய கடைக்காரர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர், ஓரம் பழுத்துப்போய் இருந்தது. அதில் நீல மையில் எழுதியிருந்தது: அடுத்த ஆயில் மாற்றம் 79,000.

புரோக்கர் அதைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். யாரோ தவறாக எழுதியிருப்பார்கள் என்றார். என் தோழி மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலையே பெரம்பலூர் போனோம். அந்த 86,000 வண்டிக்கு நீலக் கோப்பு இல்லை. ஆனால் உரிமையாளர் அம்மா ஒரு பழைய டைரியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். பாய் ஆயில் மூடியைக் கவிழ்த்துக் காட்டினார். தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. டயர்கள் மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லி 12,000 குறைத்துப் பேசினோம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வரும் வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம். நானும் கூடப் போகிறேன்.